உடன்குடி வீட்டுக்கு ஒரு 'பிளாஸ்டிக்' பிஸ்டல்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

"ஏய்யா, ராத்திரி நாய் கொலைச்சா எந்திரிச்சு லைட்டப் போடவே பயமா இருக்கு. அப்பாவுக்கும் கண்ணு சரியாத் தெரியமாட்டேங்கு."

"ஒரு துப்பாக்கி வாங்கி வச்சிருவோமாம்மா? லைசென்ஸ் போட்டு, முறையா."

உடன்குடியைச் சுற்றியுள்ள தேரிக்காட்டு ஓரத் தோட்ட வீடுகளில் இப்படி ஒரு போன் பேச்சு எழுவதில் ஆச்சரியம் இல்லை. பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருப்பார்கள். வீட்டில் அறுபதைத் தாண்டிய இரண்டு பேர், கொஞ்சம் நகை, பனையும் தென்னையும் நிற்கும் தோட்டம். அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. போனை வைத்த கையோடு மகன் யூடியூபைத் திறப்பான். 'சிறந்த பிஸ்டல்' என்று தேடினால் வரிசையாக வந்து விழுவது பாலிமர் சட்டகம் கொண்ட செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்கள்தான். க்ளாக் 19, சிக் பி320, வால்தர், டாரஸ். எடை எவ்வளவு, டிரிக்கர் எப்படி, ஆயிரம் தோட்டா சுட்டும் சிக்கவில்லையா என்று அரை மணி நேரம் பேசுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்த வீடியோக்களில் வருகிற பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றை உடன்குடிக்காரர் ஒருவர் சட்டப்படி வாங்கவே முடியாது. எது நல்ல பிஸ்டல் என்ற கேள்விக்கு டெக்சாஸில் ஒரு பதில் இருக்கும். திருச்செந்தூர் தாலுகாவில் வேறு பதில். இங்கே பாதியைச் சட்டம் முடிவு செய்துவிடுகிறது, கால்வாசியை உப்புக்காற்று. மிச்சம்தான் வாங்குபவர் கையில்.

9 மி.மீ. ஏன் கிடையாது?

இன்றைய பாலிமர் பிஸ்டல்கள் பெரும்பாலும் 9 மி.மீ. தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. இந்தியாவில் ராணுவமும் போலீஸும் பயன்படுத்துகிற தோட்டாவும் அதுவே. அந்தக் காரணத்தாலேயே அது பொதுமக்களுக்குத் தடை. ஆயுதச் சட்டம் 1959, அதன் கீழ் வந்த ஆயுத விதிகள் 2016 ஆகியவை துப்பாக்கிகளைத் 'தடை செய்யப்பட்ட போர்' என்றும் 'தடை இல்லாத போர்' என்றும் பிரிக்கின்றன. 9 மி.மீ., .38, .455 எல்லாம் முதல் பட்டியலில் வரும். கைத்துப்பாக்கி வேண்டும் என்று கேட்கும் சாதாரண மனிதருக்கு நடைமுறையில் மிஞ்சுவது .32, .22 என்ற இரண்டுதான்.

இதை மீறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் 'பீகாரில் இருந்து இறக்கித் தருகிறோம்' என்று சமூக ஊடகங்களில் வலை விரிப்பவர்கள் இருக்கிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, தடை செய்யப்பட்ட ஆயுதத்தை உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. பாதுகாப்புக்காகத்தான் வைத்திருந்தேன் என்ற வாதம் அங்கே செல்லாது.

.32 என்றால் 7.65 மி.மீ. என்றும் அழைக்கப்படுகிற சின்னத் தோட்டா. 9 மி.மீ. தோட்டா குழலை விட்டு வெளியேறும்போது 450 ஜூலுக்கு மேல் ஆற்றல் இருக்கும்; .32-க்கு தோராயமாக 170 முதல் 200 ஜூல். பாதிக்கும் கீழே. உயிரை எடுக்க அது போதும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் வீடியோவில் பார்த்த 'நிறுத்தும் திறன்' கணக்கு எதுவும் இதற்குப் பொருந்தாது.

இந்தத் தோட்டாவுக்கும் திருநெல்வேலிச் சீமைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. .32 தோட்டாவை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வடிவமைத்தவர் அமெரிக்கரான ஜான் பிரௌனிங். அதற்கான பிஸ்டலைச் செய்தது பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது அதே எஃப்.என். செய்த பிரௌனிங் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலால்தான். அன்று நடப்பில் இருந்தது 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். இந்தியருக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. உடன்குடிக்குப் பக்கத்தில், குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் 1942 செப்டம்பரில் அதிகாரி லோன் கொல்லப்பட்டதும், வெள்ளையனே வெளியேறு போராட்டக்காரர்கள் அங்கிருந்த துப்பாக்கிகளைப் பறிக்கப் போன இடத்தில்தான். அதற்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட காசிராஜனும் ராஜகோபாலனும் பின்னர் உயிர் தப்பினார்கள். துப்பாக்கி யார் கையில் இருக்கலாம் என்பது இந்தக் கடற்கரையில் எப்போதுமே அரசு உன்னிப்பாகப் பார்த்த விஷயம். சுதந்திர இந்தியாவின் சட்டமும் அந்தப் பார்வையைப் பெரிதாகத் தளர்த்தவில்லை.

'பிளாஸ்டிக்' என்றால் உண்மையில் என்ன?

ஆஸ்திரியாவில் கத்தியும் திரைச்சீலைக் கம்பியும் செய்துகொண்டிருந்தவர் காஸ்டன் க்ளாக். 1980-களின் தொடக்கத்தில் அந்நாட்டு ராணுவம் புதிய பிஸ்டல் தேடியபோது, பிஸ்டல் தொழிலில் முன் அனுபவம் இல்லாத அவரும் போட்டியில் இறங்கினார். 1982-இல் அவருடைய க்ளாக் 17 தேர்வானது. கைப்பிடியும் அடிச்சட்டகமும் நைலான் வகைப் பாலிமர். மேலே முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடு, குழல், ஸ்பிரிங், ஊசி எல்லாம் எஃகு. சட்டகத்தில் ஸ்லைடு ஓடுகிற தண்டவாளம்கூட பாலிமருக்குள் பதித்த எஃகுத் துண்டுதான். ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் 1970-லேயே பாலிமர் சட்டகத்தில் ஒரு பிஸ்டல் செய்திருந்தது. ஆனால் உலகத்தை மாற்றியது க்ளாக்.

'பிளாஸ்டிக் துப்பாக்கி ஏர்போர்ட் ஸ்கேனரில் தெரியாது' என்று அந்தக் காலத்தில் ஒரு பீதி கிளம்பி அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது. எடையில் பெரும்பங்கு எஃகாக இருக்கிற பொருள் எப்படித் தெரியாமல் போகும்? சினிமா அந்தக் கதையை இன்னும் விடவில்லை.

பாலிமர் எதற்காக வந்தது என்று பார்த்தால், உடன்குடி வீட்டுக்கு அது தேவையா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். நம் போலீஸார் இடுப்பில் நீண்டகாலம் தொங்கிய இஷாப்பூர் 9 மி.மீ. பிஸ்டல், பழைய பிரௌனிங் ஹை பவரின் வாரிசு. முழு உலோகம், எடை 900 கிராமுக்குப் பக்கம். க்ளாக் 17 மேகசின் இல்லாமல் சுமார் 630 கிராம், அதில் 17 தோட்டா கொள்ளும். நாள் முழுக்க இடுப்பில் கட்டித் திரிகிற போலீஸ்காரருக்கு இந்த வித்தியாசம் பெரிது. .32-இல் கதை வேறு. தோட்டாவே சின்னது என்பதால் முழு எஃகில் செய்தாலும் பிஸ்டல் 600 கிராம் அளவில் நின்றுவிடும். பாலிமர் அங்கே மிச்சப்படுத்துவது கொஞ்சம்தான். அதுவும் பீரோவுக்குள் கிடக்கப் போகிற பிஸ்டலுக்கு 150 கிராம் குறைந்தால் என்ன, கூடினால் என்ன?

கடையில் என்ன இருக்கிறது?

1980-களின் நடுவில் இருந்து தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வதற்குத் தடை. அங்கீகாரம் பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு மட்டும் விலக்கு. அதனால் சந்தையில் சுற்றும் பழைய வெளிநாட்டு .32 பிஸ்டல்கள் எல்லாம் அதற்கு முன்பு உள்ளே வந்தவை. தாத்தா காலத்து வெப்லியும் வால்தரும் இன்றைக்குப் பல லட்சம் கேட்பதற்குக் காரணம் தரம் மட்டும் அல்ல, தட்டுப்பாடு.

உள்நாட்டில் பல காலம் அரசு ஆலைகள்தான் கதி. 2021 அக்டோபரில் பாதுகாப்புத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது சிறு ஆயுதங்கள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் போயின; திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அதில் ஒன்று. .32-இல் 'அஷானி' பிஸ்டல், பெண்களுக்கானது என்று 2014-இல் விளம்பரப்படுத்தப்பட்ட 500 கிராம் 'நிர்பீக்' ரிவால்வர், 2023 ஆகஸ்டில் வந்த 'பிரபல்' ரிவால்வர் ஆகியவை இந்த ஆலைகளின் தயாரிப்பு. அஷானி உலோகச் சட்டகம். அண்மை ஆண்டுகளில் தனியாரும் நுழைந்திருக்கிறார்கள். பிரேசிலின் டாரஸ் நிறுவனம் ஜிண்டால் குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து ஹரியானாவின் ஹிசாரில் ஆலை அமைத்தது. பாலிமர் சட்டகம் இந்தியப் பொதுச் சந்தைக்குள் வரும் வழி இத்தகைய கூட்டு நிறுவனங்கள்தான்.

விலையில் இன்னொரு இடி: 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்டல், ரிவால்வர்களுக்கு ஜிஎஸ்டி 28-இல் இருந்து 40 சதவீதமாக ஏறிவிட்டது. 2014-லேயே நிர்பீக்கின் விலை ஒரு லட்சத்து 22 ஆயிரம். இன்று பட்ஜெட் போடுகிறவர் வரி, தோட்டா, லாக்கர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

உடன்குடி பஜாரில் கருப்பட்டி வாங்கும்போது ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுப் பார்க்கலாம். துப்பாக்கிக் கடையில் அந்த வசதி கிடையாது. சுட்டுப் பார்த்து வாங்குவது என்பது இங்கே அநேகமாக நடக்காத காரியம். அதனால் கையும் கண்ணும்தான் கருவி.

முதலில், யார் பயன்படுத்தப் போகிறாரோ அவர் நேரில் வர வேண்டும். மகனுடைய உள்ளங்கைக்குப் பொருந்துவது அப்பாவுக்குப் பொருந்தாது. கைப்பிடியை இறுகப் பிடித்த நிலையில், ஆள்காட்டி விரலின் முன்கணு டிரிக்கரின் நடுவில் இயல்பாகப் போய் உட்கார வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தாலோ, விரல் மடங்கி இடித்தாலோ அது அந்தக் கைக்கான பிஸ்டல் இல்லை. பல பாலிமர் மாடல்களில் பின்கைப்பிடித் தகடு சின்னது, நடுத்தரம், பெரியது என்று கூடவே வரும், மாற்றிக்கொள்ளலாம். இது உண்மையான நன்மை.

அடுத்தது ஸ்லைடு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'சின்னத் தோட்டா, சின்னத் துப்பாக்கி, அம்மாகூட எளிதாக இழுத்துவிடுவார்' என்று நினைப்பார்கள். நடப்பது தலைகீழ். 9 மி.மீ. பிஸ்டல்களில் குழலும் ஸ்லைடும் சுடும் கணத்தில் பூட்டிக்கொண்டு பிறகு பிரியும். .32 பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றில் அந்தப் பூட்டு கிடையாது. தோட்டா பின்னால் தள்ளும் விசையை ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் இறுக்கமும்தான் தாங்க வேண்டும். அதனால் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். மூட்டுவலி உள்ள கையால் அதைப் பின்னால் இழுக்க முடியாமல் போகலாம். கடையிலேயே, வெற்றுப் பிஸ்டலில், பத்துத் தடவை இழுத்து விடச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆறாவது தடவையில் கை நடுங்கினால், அவருக்கு ரிவால்வர்தான் பொருத்தம். இழுக்க வேண்டிய ஸ்லைடே அதில் இல்லை.

மூன்றாவது, பாதுகாப்பு விசை. க்ளாக் வகைப் பிஸ்டல்களில் கட்டைவிரலால் போடுகிற சேஃப்டி இல்லை. டிரிக்கருக்குள்ளேயே ஒரு சின்ன நாக்கு, உள்ளே ஊசியைத் தடுக்கும் அடைப்பு, கீழே விழுந்தால் வெடிக்காமல் இருக்க இன்னொரு அமைப்பு என்று மூன்று தானாக வேலை செய்யும். டிரிக்கரை அழுத்தினால் மூன்றும் விலகிவிடும். சுமார் இரண்டரை கிலோ இழுவை போதும். தினமும் பயிற்சி எடுக்கிற போலீஸ்காரருக்கு இது வரம். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்து போகிற வீட்டுக்கு, கட்டைவிரல் சேஃப்டி உள்ள மாடல்தான் நல்லது. துப்பாக்கி ரசிகர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அவர்கள் கணக்கு ஒரு நொடி வேகம் பற்றியது, வீட்டுக்காரர் கவலை அதுவல்ல.

விழுந்தால் வெடிக்குமா என்பதும் ஒரு வாய்ச்சொல் உறுதியோடு விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த சிக் பி320 குடும்பத்திலேயே, அதன் பொதுச்சந்தை மாடல் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் தெரியவந்து, நிறுவனம் உள் பாகங்களை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. உலகின் பெரிய ராணுவம் சோதித்த குடும்பத்துக்கே இந்த நிலை. புதிதாக வந்த மாடல் என்றால், விழும் சோதனை எந்தத் தரத்தில் நடந்தது என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பிறகு சின்னச் சின்ன விஷயங்கள். ஸ்லைடிலும் சட்டகத்திலும் உள்ள எண் ஒன்றா, அது பில்லில் உள்ள எண்ணா? அழுத்தச் சோதனை செய்ததற்கான முத்திரை குழலில் இருக்கிறதா? குழலின் ஒரு முனையில் வெளிச்சம் காட்டி மறுமுனையில் பார்த்தால் உள்ளே சுழல் வரிகள் கூர்மையாக, கறை இல்லாமல் தெரிய வேண்டும். பாலிமரில் தனியாகப் பார்க்க வேண்டியது ஊசித் துளைகளைச் சுற்றி மெல்லிய வெடிப்பு, வார்ப்பு இணைப்பில் பிசிறு, எஃகுத் தண்டவாளத்தில் ஆட்டம். கூடுதல் மேகசின் தனியாகக் கிடைக்குமா என்பதையும் வாங்கும் அன்றே கேட்டுவிட வேண்டும். செமி ஆட்டோமேட்டிக் சிக்குவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் மேகசின்தான். அதன் வாய் லேசாக வளைந்தால்கூட தோட்டா ஏறாது. பழுது பார்க்க ஆள் எங்கே என்பதும் முக்கியம். ஹிசாருக்கோ கான்பூருக்கோ பார்சலில் போட்டு அனுப்புகிற பொருள் இல்லை இது.

உப்புக்காற்று

பாலிமருக்கு ஆதரவாக உடன்குடியில் ஒரு வாதம் உண்டென்றால், அது கடல். மணப்பாடு, குலசை கரையில் இருந்து வீசுகிற காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்கிறது என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலிமர் துருப்பிடிக்காது, வியர்வையும் உப்பும் அதை ஒன்றும் செய்வதில்லை.

ஆனால் துரு பிடிக்கிற இடங்கள் வேறு. ஸ்லைடு, ஊசி, மேகசின் ஸ்பிரிங், தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கி எல்லாம் எஃகு. கைப்பிடி புதுசு போல இருக்கும், உள்ளே ஸ்பிரிங் செத்திருக்கும். பாலிமரின் சுத்தமான தோற்றமே 'இதுக்கு ஒண்ணும் ஆகாது' என்ற அலட்சியத்தைக் கொடுத்துவிடுகிறது. ஸ்லைடின் மேல்பூச்சு என்ன என்று கேட்க வேண்டும். வெறும் நீலப்பூச்சு கடற்கரைக்குப் போதாது. நைட்ரைடு செய்த ஸ்லைடோ, துருப்பிடிக்காத எஃகோ தாங்கும். தோல் உறைக்குள் போட்டு பீரோவில் வைப்பது பழைய பழக்கம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து உலோகத்தைத் தின்னும். மாதம் ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி வைப்பது இந்த ஊரில் தவிர்க்க முடியாத வேலை. அறுபது வயதுக்கு மேற்பட்டவர் பிஸ்டலைக் கழற்றி மாட்ட வேண்டும் என்றால், கழற்றும் முறையும் எளிதாக இருக்க வேண்டும். சில மாடல்களில் கழற்றுவதற்கு முன் டிரிக்கரை அழுத்தியாக வேண்டும். குழலுக்குள் ஒரு தோட்டா மறந்து கிடந்தால் அந்த அழுத்தலே விபத்து. வாங்கும் முன் கடைக்காரரைக் கழற்றிக் காட்டச் சொன்னால் இது தெரிந்துவிடும்.

சுடத் தெரிய வேண்டாமா?

அமெரிக்க விமர்சகர் ஆயிரம் தோட்டா சுட்ட பிறகு பேசுகிறார். இங்கே உரிமத்திலேயே, ஒரே சமயத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்று எழுதியிருக்கும். தோட்டாவின் பெரும்பகுதி புனே அருகே உள்ள கட்கி ஆலையில் இருந்து வருகிறது, மலிவும் இல்லை. உடன்குடியில் இருந்து பிஸ்டல் பயிற்சிக்கு ரேஞ்ச் தேடிப் போவது ஒரு நாள் வேலை. 2016 விதிகள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கேட்கின்றன, நல்லதுதான். ஆனால் ஒருமுறை எடுத்த பயிற்சி எவ்வளவு காலம் கையில் நிற்கும்?

இருட்டு. பயம். தூக்கக் கலக்கம். எதிரே நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மனைவியா என்று தெரியாத மூன்று நொடி. செமி ஆட்டோமேட்டிக்கை அந்த மூன்று நொடியில் சரியாகக் கையாள, வருடத்துக்கு ஒருமுறை பூஜையில் வைத்து எடுத்தால் போதாது. பாலிமரா உலோகமா என்ற விவாதத்தைவிட இந்தக் கேள்விக்கு எடை அதிகம். பயிற்சிக்கு வழி இல்லாதவர், எந்த மாடல் வாங்கினாலும், பாதிதான் வாங்கியிருக்கிறார்.

சும்மா சுடக் கற்றுக்கொள்ளத்தான் ஆசை என்றால் ஏர் பிஸ்டல் போதும். 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் கன்களுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை.

லைசென்ஸ் கிடைக்குமா?

உடன்குடி இன்று தூத்துக்குடி மாவட்டம். 1986-இல் திருநெல்வேலியில் இருந்து பிரிந்தது. உரிமம் தர வேண்டியவர் மாவட்ட ஆட்சியர். விண்ணப்பம் ஆன்லைனில் போகும், போலீஸ் விசாரணை நடக்கும், வழக்கு ஏதும் உண்டா, மனநிலை எப்படி, அச்சுறுத்தல் உண்மையா என்று பார்ப்பார்கள். வயது 21 ஆகியிருக்க வேண்டும். உரிமம் 5 ஆண்டுக்கு. ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். 2019-க்கு முன்பு 3.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உள்வரி இல்லாத நீளத் துப்பாக்கியைத் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவருக்கு ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது. அதாவது வழக்கமான 12 போர். பிஸ்டல், ரிவால்வர் கேட்பவர் அப்படி இல்லை. 'தக்க காரணம்' உண்டு என்று அதிகாரி திருப்தி அடைய வேண்டும். 'தனியா இருக்கோம், பயமா இருக்கு' என்பது மட்டும் போதும் என்று நம்பிப் போகிறவர்களில் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். மறுத்தால் மேல்முறையீடு உண்டு. ஆனாலும் உரிமம் கைக்கு வருவதற்கு முன் பிஸ்டலுக்கு அட்வான்ஸ் கொடுப்பது அறிவான காரியம் இல்லை.

2016 இறுதிக் கணக்குப்படி நாட்டில் 33 லட்சத்துக்கும் அதிகமான ஆயுத உரிமங்கள் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் 22 ஆயிரம் சொச்சம். இங்கே துப்பாக்கி என்பது இன்னும் விதிவிலக்குதான், அதிகாரிகள் மனதிலும் அப்படித்தான்.

வாங்கிய பிறகு

தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. இரவில் வீட்டை உடைத்து நுழைபவரைத் தடுக்கும்போது அந்த உரிமை, சூழ்நிலையைப் பொறுத்து, உயிர் போகும் அளவு வரைகூட நீளும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் உரிமை கிடையாது என்ற வரம்பும் கூடவே உண்டு. தேங்காய் திருடிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. சுட்ட அடுத்த நிமிடத்தில் இருந்து, தேவை இருந்தது என்று காட்டவேண்டிய நிலை வீட்டுக்காரருக்கு வந்துவிடும்.

வெளியே எடுத்துப் போவதற்கும் விதி உண்டு: உறையில், மறைத்து. கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். குலசை தசராவில் போலீஸ் வேடம் கட்டுகிறவர் பொம்மைத் துப்பாக்கியோடு ஆடுவார். நிஜத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த லட்சக்கணக்கான கூட்டத்துக்குள் போக நினைப்பவர் லைசென்ஸை மறந்துவிடலாம்.

வீட்டில் எங்கே வைப்பது என்பதில்தான் முழுக் கணக்கும் சிக்குகிறது. விதிப்படியும் புத்திப்படியும் பூட்டி வைக்க வேண்டும், தோட்டாவைத் தனியாக வைப்பது நல்லது. அப்படி வைத்தால் நள்ளிரவில் கைக்கு வர இரண்டு நிமிடம் ஆகும். தலையணைக்கடியில் வைத்தால் இரண்டு நொடி. ஆனால் அதே இரண்டு நொடியில் பேரன் கைக்கும் திருடன் கைக்கும் போகும். எண்ணை அழுத்தித் திறக்கிற சின்னப் பெட்டகம் ஒன்றைச் சுவரில் பதிப்பது இடைவழி. அதன் விலையையும் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும். இரும்புக் கிரில், நான்கு மூலைக்கும் விளக்கு, கேமரா, சத்தம் போடுகிற அலாரம் ஆகிய நான்கும் சேர்ந்தாலும் ஒரு .32 பிஸ்டலின் விலைக்குக் கீழேதான் வரும் என்பதை மகன் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போன் பேச்சில் அம்மா கேட்டது துப்பாக்கியை அல்ல. லைட்டைப் போடப் பயமாக இருக்கிறது என்றுதான் சொன்னார்.

இதையெல்லாம் தாண்டி வாங்கினாலும், தேர்தல் வந்தால் பிஸ்டல் வீட்டில் இருக்காது. 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, ஜூன் 4 எண்ணிக்கை. வங்கிக் காவலர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் காவல் நிலையத்திலோ அங்கீகரிக்கப்பட்ட கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். கிட்டத்தட்ட இரண்டரை மாதம். சட்டமன்றம், உள்ளாட்சி என்று வரிசையாக வரும்போது இந்தக் கணக்கும் கூடும். ஒப்படைக்கும் முன் எண்ணெய் பூசிக் கொடுப்பதும், திரும்ப வாங்கும்போது எண்ணைச் சரிபார்ப்பதும் உடையவர் பொறுப்பு.

அப்பாவுக்குப் பிறகு? அவருடைய உரிமம் பிஸ்டலோடு சேர்ந்து பிள்ளைக்குத் தானாக வந்துவிடாது. ஆயுத விதிகளின்படி, உரிமம் பெற்றவர் இறந்த பிறகோ, 70 வயதை எட்டினாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசு தன் பெயருக்குக் கேட்கலாம். அதற்கும் புது விண்ணப்பம், புது போலீஸ் விசாரணை. அதுவரை பிஸ்டல் காவல் நிலையத்திலோ கடையிலோ இருக்க வேண்டும். இன்று 68 வயதாகிற அப்பாவுக்காக விண்ணப்பிக்கிற மகன், இன்னும் இரண்டே ஆண்டில் அது தன் பெயருக்கு வரக்கூடிய பொருள் என்பதையும், அப்போது தான் உடன்குடியில் இருப்பாரா துபாயில் இருப்பாரா என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கும்.